கோழியின் இரைப்பையில் நீல நூல்

எழுபதுகளின் கடைசி. பஞ்சு மில்லில் ராத்திரி ஷிப்டு முடிந்து முதலியார்பேட்டை வீட்டுக்கு வந்தால், நாங்கள் ஆசையாய் வளர்த்த கோழி செத்துக் கிடந்தது. அடுத்த வீட்டம்மா விஷம் வைத்துவிட்டாள் என்று என் மனைவி கத்தித் தெருவையே கூட்டியிருந்தாள். கோழியைப் பையில் போட்டு, சைக்கிளில் மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன்.

அங்கிருந்த கம்பவுண்டர் வயதானவர். மூக்குக்கண்ணாடியைக் கயிற்றால் கட்டியிருந்தார். நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டே, அறுப்பதற்கு முன் கோழியின் இறகை ஒருமுறை நீவிவிட்டார். கழுத்தடியில் இரைப்பையைக் கீறியதும் ஒரு நூல் பந்து வந்தது. தண்ணீரில் அலசினார். நீல நூல். கோழி மெத்தென்று படுக்கட்டும் என்று மில்லிலிருந்து நான் எடுத்துவந்து கூடையில் போட்ட கழிவு நூல்.

“வெஷமெல்லாம் இல்லப்பா. இதான் அடைச்சிருக்கு. நூலு எப்படி வந்துச்சு?”

“தெரியலீங்க.”

கீறிய இடத்தைத் தைத்து, பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். பிறகு என் தோளில் ஒட்டியிருந்த பஞ்சை இரண்டு விரலால் எடுத்துக் கீழே போட்டார்.

“அந்தம்மாகிட்ட நீயே போய்ச் சொல்லிடு.”

நான் சொல்லவில்லை. மில்லை விட்டு வெகுகாலமாகிவிட்டது. இன்றும் அந்தம்மா எதிரில் வந்தால், என் கை தானாகத் தோளைத் தட்டிவிடுகிறது.