சமேடனிலிருந்து சியோனுக்கு ஒரு மணித்தியாலம்

ஆவி, பேய் என்று யாராவது கதைக்கத் தொடங்கினால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துபோனவன், நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுவேன். இதை நம்புவதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

சமேடனில், மலைகளுக்கு நடுவே இருக்கிற சின்ன விமானநிலையத்துக்குப் பக்கத்து உணவகத்தில் பாத்திரம் கழுவுகிறேன். அண்ணை சுவிசின் மறுகோடியில், சியோனில் இருந்தார். அங்கேயும் மலை, அங்கேயும் அப்படி ஒரு விமானநிலையம். ஒரு நாள் காலை அண்ணி போன் எடுத்தார்.

"தம்பி, பின்னேரம் தாண்டாது எண்டு டொக்டர் சொல்லிட்டார். நீர்தான் வந்து பால் பருக்கவேணும்."

உயிர் பிரிகிற நேரத்தில் வாயில் பால் விடுவது எங்கள் வழக்கம். அண்ணைக்குப் பிள்ளைகள் இல்லை, அதைச் செய்ய நான் ஒருவன்தான். ரயிலில் போனால் பல இடங்களில் மாறிப் போய்ச் சேர இருட்டிவிடும். என்ன செய்வதென்று தெரியாமல் பாலைக் காய்ச்சி பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு நின்றேன். எங்களிடம் சூப் குடிக்க வருகிற ரெட்டோ என்ற கிழவர், சொந்தமாகச் சின்ன விமானம் வைத்திருக்கிறவர், விசயத்தைக் கேட்டார்.

"மலைக்கு மேலால் இருநூறு கிலோமீற்றர், ஒரு மணித்தியாலம். ஏப்ரனைக் கழற்று. உன் கோப்பைகள் எங்கேயும் ஓடிப்போகாது" என்றார்.

மேலே ஏறியதும் காது இரண்டும் அடைத்துக்கொண்டன. பயமும் இல்லை, கவலையும் இல்லை, மரத்துப்போய் இருந்தேன், கீழே பனியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. பாதி வழியில்தான் கரண்டி எடுத்துவராதது நினைவுக்கு வந்தது. சரி, பையில் இருக்கிற முகம் துடைக்கிற லேஞ்சியின் முனையைப் பாலில் நனைத்து வாயில் பிழியலாம் என்று மனதுக்குள் நினைத்தேன். நித்திரை கொள்ளவில்லை. மடியில் வைத்திருந்த பிளாஸ்கைத் திறக்கவும் இல்லை.

சொன்னபடி ஒரு மணித்தியாலத்தில் இறங்கினோம். ஆஸ்பத்திரிக்குப் போனபோது அண்ணையின் முகத்தை மூடிவிட்டிருந்தார்கள். அண்ணி வாசலில் நின்றார்.

"எங்கை போட்டு வாறீர் தம்பி? உம்மைத்தான் தேடுறன்."

"இப்பதான் வந்து இறங்கினனான் அண்ணி. பிந்திட்டன்."

"என்ன கதை கதைக்கிறீர்? கரண்டி இல்லையெண்டு லேஞ்சியை நனைச்சுப் பிழிஞ்சது ஆர்? அவர் குடிச்சிட்டுத்தானே கண்ணை மூடினவர்."

கரண்டியைப் பற்றி நான் ஒருவருக்கும் சொல்லியிருக்கவில்லை. காற்சட்டைப் பையில் கையை விட்டேன். லேஞ்சியின் ஒரு முனை ஈரமாக இருந்தது, பால் மணத்தது. எனக்கு அழுகைகூட வரவில்லை.

பிறகொரு நாள் ரெட்டோவிடம் கேட்டேன். "நடுவழியில் விமானம் கொஞ்சம் இலேசானது, காற்றென்று நினைத்தேன்" என்றவர், சூப்பைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

வருசா வருசம் திவசத்துக்குச் சியோன் போகிறேன், ரயிலில்தான். சாப்பிட இருக்கும்போது அண்ணி கேட்பார்:

"அவர் கண்ணை மூடமுதல் உம்மைக் குனியச்சொல்லி வலது காதுக்குள்ளை ஏதோ சொன்னவரெல்லே. என்ன தம்பி சொன்னவர்?"

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பேன். மறைக்கிறேன் என்றுதான் அவர் நினைக்கிறார். அன்றைக்கு அடைத்த காதுகளில் இடது காது இறங்கியவுடனேயே திறந்துவிட்டது. வலது காது இன்னும் திறக்கவில்லை.