இரண்டாவது தாவல்

அண்ணன் கொழும்பில் பார்த்த சாப்பாட்டுக்கடை வேலையை விட்டுவிட்டு தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்குத் திரும்பி வந்த பிறகுதான் நாங்கள் ஐந்து பேர் ஒரு ஃபோன் விளையாட்டில் ஓர் அணியானோம். அண்ணன், நான், தோட்டத்தின் கீழ் டிவிஷனில் இருந்த அவனுடைய கூட்டாளிகள் இரண்டு பேர், பதுளை பஜாரில் ஃபோன் கடை வைத்திருந்த, நாங்கள் நானா என்று அழைக்கும் முஸ்லிம் ஒருவர். அப்பா இறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. நான் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் சும்மா இருந்தேன். அம்மா கொழுந்து பறிக்கப் போனதும் நானும் அண்ணனும் ஆளுக்கொரு ஃபோனோடு எங்கள் ஒற்றையறைக் காம்பிராவின் பின்சுவரில் சாய்ந்து உட்காருவோம். சிக்னல் அங்கேதான் கிடைக்கும்.

இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர். எதிர்ப்பக்கத்தில் ஒருத்தர்கூட மிச்சமில்லாமல் கொன்று முடிக்கிற அணிக்கு அந்தச் சுற்று. ஆளுக்கொரு பாத்திரம் எடுக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் திறமை வேறு. அண்ணன் எடுப்பவன் வாள் வைத்திருப்பவன். நின்ற இடத்திலிருந்து ஒரே தாவாகத் தாவுவான், கால் தரையில் பட்ட கையோடு மறுபடியும் தாவுவான். அண்ணன் முதல் தாவலில் எதிரிகளின் நடுவே விழுந்து இரண்டு பேரை வெட்டிச் சாய்ப்பான். மற்றவர்கள் துப்பாக்கியைத் திருப்புவதற்குள் இரண்டாவது தாவலில் வெளியே வந்துவிடுவான். வெட்டுப்பட்டவன் கழுத்திலிருந்து இரத்தம் திரை முழுக்கத் தெறிக்கும். அதைச் செய்யும்போது மட்டும்தான் அவன் சிரித்து நான் பார்த்திருக்கிறேன். கொழும்பில் முதலாளியிடம் அடி வாங்கித்தான் அவன் திரும்பி வந்தான். அது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசியதில்லை.

எனக்கு அவன் கொடுத்தது மருத்துவச்சியை. அவள் தரையில் ஒரு பச்சை வட்டம் போடுவாள். அதற்குள் நிற்பவர்களின் காயம் ஆறும். விஷ ஊசி ஒன்றும் எறிவாள். கொசு கடித்த மாதிரிதான், அதனால் யாரும் செத்ததில்லை.

“நீ பின்னால நின்னு வட்டத்த போடு. மத்தத நாங்க பாத்துக்கிறோம்” என்றான் அண்ணன். மாதக்கணக்கில் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே ஓடினேன்.

இந்த விளையாட்டைச் செய்கிறவர்கள் அவ்வப்போது பாத்திரங்களின் பலத்தைக் கூட்டியும் குறைத்தும் சமன் செய்வார்கள். ஒரே ஆள் ஜெயித்துக்கொண்டிருந்தால் மற்றவர்கள் விட்டுப் போய்விடுவார்களே. குறைத்தால் நெர்ஃப், கூட்டினால் பஃப் என்போம். மழை விடாமல் கொட்டிய ஒரு வாரத்தில் புது அப்டேட் வந்தது. நானா ஃபோனில் சொன்னார்.

“இனி ஒங்கட ஆளுக்கு ஒரு தாவல்தான். தங்கச்சிட வட்டமும் பாதியாப் போச்சு. ஆனா ஊசிக்கு வெஷம் கூடிட்டு. மூணு ஊசி பட்டா ஆள் மவுத்து.”

அண்ணன் நம்பவில்லை. அன்றைக்கே பழையபடி தாவி நடுவில் விழுந்தான். வெட்டினான். விரல் பழக்கத்தில் இரண்டாவது தாவலை அமுக்கியது. ஒன்றும் நடக்கவில்லை. சுற்றி நின்று சல்லடையாக்கிவிட்டார்கள். அடுத்த சுற்றிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும்.

“ஏன்டி வட்டம் போடல?”

“போட்டேன். அது இப்ப சின்னதுண்ணே. நீ வெளிய நின்ன.”

கையில் ஃபோன் இருக்கும்போதே கன்னத்தில் அறைந்தான். காது கொய்யென்றது. ஃபோன் சிமெந்துத் தரையில் விழுந்து மூலையில் விரிசல் விட்டது. சுற்று இன்னும் முடியவில்லை. நான் குனிந்து எடுத்து, அண்ணனைக் கொன்றவனைத் தேடிப்போய் மூன்று ஊசி எறிந்தேன். அவன் நீலம் பாரித்து, தொண்டையைப் பிடித்துக்கொண்டு முழங்காலில் சரிந்தான். நான் கொன்ற முதல் ஆள் அவன்தான். கன்னம் எரிந்துகொண்டிருந்தது, உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது.

அதற்குப் பிறகு அவன் சாகும்போதெல்லாம் எனக்கு ஏதாவது விழுந்தது. குட்டு விழும், முடியைப் பிடித்து இழுப்பான். ஒரு நாள் சார்ஜர் வயரை மடித்துக் கெண்டைக்காலில் வீசினான், தடித்துப்போய் ஒரு வாரம் கிடந்தது. அம்மாவிடம் காட்டினேன்.

“ஃபோன தூக்கி அடுப்புல போடுங்க, எல்லாம் சரியாப் போகும்” என்றாள். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த முதுகோடு அவள் வேறென்ன சொல்வாள்.

நானா தன் கடையின் மேல்மாடியில் ஒரு போட்டி வைத்தார். ஊவா மாகாணத்தின் பல ஊர்களிலிருந்தும் அணிகள் வந்தன. கடைசி ஆட்டம் எங்களுக்கும் பண்டாரவளை அணிக்கும். தொடங்குமுன் நானா அண்ணனைத் தனியாக அழைத்து, “மச்சான், இண்டைக்கு மட்டும் வாள்காரன வுட்டுட்டு வேற ஆள எடுங்க” என்றார். அண்ணன் கேட்கவில்லை.

இரண்டு அணியும் சமமாக வந்து, ஒரு சுற்று மிச்சம் இருந்தது. அண்ணன் தாவினான், முதல் ஆளாகச் செத்தான். செத்த பிறகும் என் பக்கத்து நாற்காலியில் இருந்தபடி, “வட்டத்த போடு, வட்டத்த போடு” என்று கத்தினான். மேசைக்கு அடியில் என் காலை உதைத்தான். கீழ் டிவிஷன்காரர்கள் இரண்டு பேரும் அடுத்தடுத்து விழுந்தார்கள். நான் வட்டம் போடவில்லை. ஒரு சுவரின் மறைவிலிருந்து வெளியே வந்து ஊசி எறிந்தேன். ஒருத்தன் விழுந்தான். அவனைத் தாண்டி ஓடி வந்த இரண்டு பேரையும் படிக்கட்டில் வைத்துக் கொன்றேன். மிச்சம் இருந்த இரண்டு பேரை நானா சுட்டு முடித்தார்.

மாடியே இரைந்தது. பண்டாரவளைக்காரர்களில் ஒருவன் கையைக் கொடுத்துவிட்டு, “அந்தத் தங்கச்சிதான் ஆளு. அண்ணங்காரன் சும்மா சொமை” என்று பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னான். அண்ணனுக்கு அது கேட்டது.

முகம் கழுவக் கடைக்குப் பின்னால் இருந்த குழாயடிக்கு இறங்கிப் போனேன். பின்னாலேயே அண்ணன் வந்தான். முடியைப் பிடித்து என் நெற்றியைக் குழாயில் இடித்தான். நான் விழுந்ததும் வயிற்றில் மிதித்தான். தரையில் ஊன்றியிருந்த என் வலது கையைப் பார்த்தான். நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் குதிகாலைக் கட்டைவிரல் மேல் வைத்து ஏறி நின்றான். உள்ளே சுள்ளி முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. கூட்டாளிகள் இரண்டு பேரும் படியில் நின்றார்கள். ஒருவன் “டேய், போதும்டா” என்றான். இறங்கி வரவில்லை.

ஷட்டர் இழுக்கிற கொக்கிக் கம்பி சுவரோடு சாத்தியிருந்தது. இடது கையால் அதை எடுத்து, எழுந்த வேகத்தில் அவன் வாயில் அடித்தேன். இரண்டு முன்பல்லும் போயின. அவன் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தான், விரலிடுக்கில் இரத்தம் வழிந்தது. நான் மறுபடியும் ஓங்கினேன். நானா ஓடி வந்து கம்பியைப் பிடித்திராவிட்டால் அவன் மண்டையில்தான் இறக்கியிருப்பேன்.

“வுடுங்க தங்கச்சி. ஆஸ்பத்திரிக்குப் போவம்.”

ஒரே ஆட்டோவில் போனோம், நடுவில் நானா. எப்படி ஆனது என்று தாதி கேட்டபோது அண்ணன் முந்திக்கொண்டு, “படியில விழுந்துட்டோம்” என்றான், பல்லில்லாத வாயோடு. தாதி என் விரலைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், பிறகு பொலிஸ் பெண் ஒருவரைக் கூட்டி வந்தார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் அடித்ததையும் சொன்னேன்.

அம்மா வேலை உடுப்போடு, காலில் அட்டை கடித்த இரத்தம் காயாமல் வந்து நின்றாள். கட்டிலுக்குக் கிட்ட வந்து மெதுவாகக் கேட்டாள்.

“பொலிஸ்ல சொன்னத வாபஸ் வாங்கிரு. அவன் ஆம்பளப் புள்ள, பேரு கெட்டா எவன் வேல குடுப்பான்?”

“மாட்டேம்மா.”

“ஒரே வயித்துல பொறந்தவன்டி.”

“அதுக்காக கைய ஒடைக்கலாமா?”

அவள் அண்ணன் இருந்த வார்டுக்குப் போனாள். நான் லயத்துக்குத் திரும்பவில்லை. நானாவின் உம்மா தங்கள் வீட்டு முன்னறையைக் கொடுத்தார். கட்டுப் பிரித்ததும் கடையிலேயே வேலைக்கு நின்றேன். வழக்கு சில தவணை தள்ளிப் போய், கடைசியில் நீதவான் அண்ணனைக் கடுமையாக எச்சரித்து விடுவித்தார். அவன் மறுபடியும் கொழும்புக்குப் போனான்.

பல மாதம் கழித்து ஒரு நாள் அம்மா கடைக்கு வந்தாள். வாடிக்கையாளர் ஸ்டூலில் உட்கார்ந்து, கோணலாகக் கூடியிருந்த என் விரலைத் தொட்டுப் பார்த்தாள்.

“எனக்கு ஒண்ணு மட்டும் வெளங்கல. அந்த வெளையாட்டுல நீங்க ரெண்டு பேரும் ஒரே பக்கந்தான நின்னீங்க?”

“ஆமாம்மா.”

“பொறகு ஏன்?”

அவனுடைய தாவலைக் குறைத்தார்கள், என் ஊசிக்கு விஷம் கூட்டினார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். பாதியிலேயே, அது காரணமில்லை என்று எனக்கே தோன்றியது, நிறுத்திக்கொண்டேன்.

“பல்லு கட்டிக்கிட்டான்” என்றாள் அம்மா. “பேசுறப்ப விசில் மாதிரி சத்தம் வருது.”

நான் தேநீர் வரவழைத்தேன். அம்மா குடித்து முடிக்கும்வரை இரண்டு பேரும் பஜாரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.