பாடத்திட்டத்தில் ஒரு குழி

டாக்டர்களுக்கான பொதுச் சுகாதார வகுப்பின் பாடத்திட்டத்தைத் திருத்த, இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன்பு திருவனந்தபுரத்தில் ஒரு கமிட்டி போட்டார்கள். அந்த வகுப்பில் பாடம் எடுத்துவந்த நானும் அதில் ஒருவன். பழைய பாடத்தில் பாதி, லண்டன் மூடுபனியைப் பற்றியது. நம் ஊரில் மூடுபனியால் யாரும் செத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அதைத் தூக்கிவிட்டுக் கொக்கிப்புழுவையும் மலேரியாவையும் சேர்த்தோம். அதுவரை சண்டையில்லை.

சண்டை கக்கூஸில் வந்தது. ஒவ்வொரு மாணவனும் குழிக் கக்கூஸுக்கு இடம் பார்த்து, தானே தோண்டிக் காட்ட வேண்டும் என்றேன். மண்ணைத் தொடாதவன் மலைப்பக்கம் போய் என்ன கிழிப்பான்?

கமிட்டித் தலைவர் கோட்டைக்குள் அக்கிரகாரத்துக்காரர், மூத்த டாக்டர். பழம்பொரித் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

“டாக்டர்மார் மண்வெட்டி பிடிக்கணும்னா ஒருத்தனும் சேரமாட்டான், ஓய். படம் வரைஞ்சா மதி, அதுவே போதும்.”

கடைசியில் ‘தோண்ட வேண்டும், அல்லது படம் வரைய வேண்டும்’ என்று முடிவாயிற்று. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் மற்றதெல்லாம் நிறைவேறியதே என்று கையெழுத்துப் போட்டேன். பழம்பொரியும் தின்றேன்.

அதன்பின் எவனும் தோண்டவில்லை. எல்லாரும் அழகாக வரைந்தார்கள்.

சில மழைக்காலம் கழித்து, பொன்முடிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் தொழிலாளர் வீட்டு வரிசைகளான லைன்களில் வயிற்றுப்போக்கு என்று தகவல் வந்தது. கல்லாறு வழியாக மேலே போனேன். அங்கே சுகாதார அதிகாரி என் மாணவன்தான், வகுப்பில் முதலாவதாக வந்தவன். அவன் கட்டிய கக்கூஸ்கள் மேட்டில் வரிசையாக நின்றன. கீழே பள்ளத்தில், ஜனங்கள் தண்ணீர் எடுக்கும் ஊற்று. மழை பெய்தால் மேட்டு அழுக்கெல்லாம் அங்கேதான் இறங்கும்.

“வகுப்பிலே வரைஞ்ச படம் போலத்தான் சார் செஞ்சேன். ஊத்துக்குத் தூரம்கூட சரியாக்கும். எங்கே தப்பு?” என்றான்.

படத்தில் நிலம், ஸ்கேல் வைத்து இழுத்த நேர்கோடு; மேடுமில்லை, பள்ளமுமில்லை. அவனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

லைனில் ஒரு வீட்டில், கைக்குழந்தை போனபின் தூளி கட்டியிருந்த சேலையை அவிழ்த்து மடித்து வைத்திருந்தார்கள். அந்தத் தாய் எனக்கு உட்காரப் பலகை எடுத்துப் போட்டாள். திட்டியிருந்தால் தேவலை என்று இன்றும் தோன்றுகிறது.

அடுத்த கமிட்டியில் தோண்டுவது கட்டாயமாயிற்று. தலைவரே முன்மொழிந்தார்.

“நீர் சொன்னதே ஜெயிச்சாச்சு. சந்தோஷம்தானே?” என்று தட்டை நகர்த்தினார்.

எனக்கு அந்த மடித்த சேலைதான் கண்ணில் நின்றது. தட்டைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டேன்.