திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும்

எங்கள் பக்கம் சினிமாக்காரர்கள் வருவது புதிதில்லை. மழை பெய்து வயல் பச்சை பிடித்ததும் வேன் வேனாக வந்து இறங்கிவிடுவார்கள். கூட்டத்தில் நிற்க ஆள் வேண்டும் என்றால், அனுமந்தன்பட்டிப் பெண்கள் நாங்கள் களையெடுக்கக் கிளம்புவது போலக் கிளம்பிவிடுவோம். மத்தியானம் பிரியாணி வேறு உண்டு. களையெடுப்பில் அது ஏது?

அந்த முறை உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டில் படப்பிடிப்பு. வீட்டிலேயே முடங்கிக் கிடக்கிறாளே என்று அக்காவையும் இழுத்துக்கொண்டு போனேன். அவள் மகள் போன வருடம் வீட்டில் சண்டை போட்டு, வேலை வாங்கித் தருவதாகச் சொன்ன யாரோ ஒருத்தியோடு இதே இடத்தில் சென்னைக்குப் பஸ் ஏறியவள். ஒரே ஒருமுறை போனில் அழுதாள். அதற்குப் பிறகு அந்தப் போன் அணைந்தே கிடக்கிறது. போலீஸிலும் சொல்லியாகிவிட்டது.

படத்தின் கதை அங்கே போன பிறகுதான் தெரிந்தது. வீட்டைவிட்டு ஓடிவந்த பெண்ணைத் தரகன் ஒருவன் ஆசைகாட்டிப் பட்டணத்துக்குக் கூட்டிப்போகிறான். அக்கா கையில் பையோடு அவர்களைக் கடந்து, திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும். அவ்வளவுதான்.

அக்கா நடந்தாள். அந்தப் பெண்ணின் பக்கத்தில் வந்ததும் நின்றுவிட்டாள்.

"ஏத்தா, யாரு மக நீயி? இவன்கூட எங்க போற?"

அடி ஆத்தி, கெட்டுது போ என்று நினைத்தேன். டைரக்டர் தலையில் அடித்துக்கொண்டு மறுபடி எடுத்தார். இந்த முறை அக்கா தரகனாக நடித்தவரின் கையைத் தட்டிவிட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அது நின்றுவிட்டது.

"நீங்க நிறுத்திக் கேட்டா அவ எப்படிம்மா போவா? அப்புறம் கதையே இல்லையே," என்றார் டைரக்டர். கோபமாகச் சொல்லவில்லை. மனுஷனுக்கு வெளிச்சம் போய்விடுமே என்ற கவலை.

அக்காவை ஓரமாக உட்காரவைத்து டீ கொடுத்தார்கள். எங்கள் தெருக்காரி ஒருத்தியை நடக்கச் சொன்னார்கள். அவள் விறுவிறுவென்று போனாள், கழுத்துகூடத் திரும்பவில்லை. பெண் தரகனோடு பஸ் ஏறினாள். ஒரே டேக்கில் ஓகே. எல்லோரும் கைதட்டினார்கள்.

அக்கா டீயைத் தொடவில்லை.

"எம்மக பஸ் ஏறுனப்பயும் இங்கன இம்புட்டுச் சனம் இருந்திருக்கும்ல?" என்றாள். "அன்னைக்கும் எல்லாரும் நல்லாத்தேன் நடந்திருக்காக."