ஆற்று மணலில் கோல்ஃப் பழகிய குற்றம்

லீவுக்கு ஊருக்கு வந்திருக்கிறேன். பெங்களூரில் கோல்ஃப் பழகுகிறேன், சிரிக்காதீர்கள். மணலில் விழுந்த பந்தைத் தூக்கி அடிப்பது மட்டும் வரவில்லை.

விருத்தாசலத்தில் மணலுக்கா பஞ்சம் என்று இன்று காலை மட்டையோடு மணிமுத்தாற்றில் இறங்கினேன்.

பந்தை அடிக்கக் கூடாது, அதற்குப் பின்னால் இருக்கும் மணலை அடிக்க வேண்டும். பாதியில் கையை நிறுத்தவும் கூடாது. பலமுறை பந்து அங்கேயே புதைந்தது. கடைசியில் தோள் முழுதாகச் சுழன்று, ஒரு கைப்பிடி மணல் சிதற, பந்து அழகாக எழும்பிப் போனது.

துள்ளிக் குதிப்பதற்குள் ஓர் ஆள் ஓடி வந்தார். மணல் லாரிகளுக்குக் காவல் நிற்பவர்.

"ஆத்து மணல இப்புடி வாரி எறைக்கிறீங்களே சார், நாளைக்கு ஊருக்குக் குடிக்கத் தண்ணி வேணாமா?"

அவர் முதுகுக்குப் பின்னால், ஆளை முழுங்கும் குழிக்குள் நின்று ஒரு பொக்லைன் எந்திரம் மணலை அள்ளிக்கொண்டிருந்தது.

"அப்ப அது என்னங்க?" குழியைக் காட்டிக் கேட்டேன்.

"அது வேல சார். நீங்க பண்றது வெளையாட்டு. கெளம்புங்க."

வீட்டுக்கு வந்துவிட்டேன். என் செருப்பில் கொஞ்சம் மணல் ஒட்டி வந்துவிட்டது. அதை ஆற்றில் திருப்பிக் கொட்ட யாராவது ஒரு லாரி பிடித்துக் கொடுங்களேன்.