மூன்று பக்க விளக்கம்

ஏழுமலை இரண்டாவது மெமோவை என் மேசைமேல் வைத்தார். படித்து முடித்துவிட்டு இன்னொரு முறை படித்தேன். அதில் கம்பெனிக்காரர்கள் எடுத்துக் காட்டியிருந்த வரி நான் எழுதியது.

எண்பதுகளின் நடுவில், மேற்குத் தாம்பரம் ஸ்டேஷன் பக்கம், ஒரு ஜெராக்ஸ் கடையின் பாதி இடத்தில் ஜாப் டைப்பிங் செய்துகொண்டிருந்தேன். எட்டாவதோடு படிப்பு நின்றவன். ஆனாலும் மனு, கடிதம், வேலை விண்ணப்பம் எல்லாம் நானே எழுதி அடித்துக் கொடுப்பேன். எதுவானாலும் நீளம்தான். “அவராண்ட போனா மூணு பக்கத்துக்குக் கொறையாது” என்று ஜனங்கள் சொல்வதைக் கேட்டுப் பூரித்துப்போவேன்.

ஏழுமலை மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் லேத் ஆபரேட்டர். சொல்லாமல் மூன்று நாள் வரவில்லை, விளக்கம் தரவும் என்று முதல் மெமோ வந்தது. மாமியாருக்கு நெஞ்சுவலி, ஆஸ்பத்திரியில் கூடவே இருந்திருக்கிறார். அதை மட்டும் எழுதியிருந்தால் முடிந்தது. நான் மழையை எழுதினேன், பஸ் கிடைக்காததை எழுதினேன். முன்பு இரண்டு தடவை லீவ் கொடுத்தார்கள் என்று அவர் பேச்சுவாக்கில் சொன்னதை, “இதற்கு முன்பும் இருமுறை நான் வராதிருந்தபோது தாயுள்ளத்தோடு மன்னித்தருளினீர்கள்” என்று ஜோடித்தேன். படிக்க நன்றாக இருந்தது. அவரும் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டார்.

இப்போது அந்த வரியே வினையாகிவிட்டது. அடிக்கடி சொல்லாமல் நின்றதை நீரே ஒப்புக்கொண்டீர், வேலையை விட்டு ஏன் நீக்கக் கூடாது என்று கேட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை என்கொயரி.

கூட வந்திருந்தார் அவர் மனைவி கஸ்தூரி. கோவளம் பக்கத்துக் குப்பத்தில் பிறந்து, தாம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்பவர்.

“இன்னா சார், அவன் கேட்டது ஒரு கேள்வி. நீ ஊர் கதையெல்லாம் எழுதிக் குடுத்துக்கீறியே!”

“கொஞ்சம் உருக்கமா இருக்கட்டும்னுதாம்மா…”

“சங்கரா மீனு இன்னா வெலன்னு ஒருத்தி கேட்டா வெலையச் சொல்வனா, வல கிழிஞ்ச கதையச் சொல்வனா? கத சொல்லிக்கினு இருந்தா மீனு நாறிப்பூடும், சார்.”

ஏழுமலை அவரை அடக்கப் பார்த்தார். “சும்மா இரு கஸ்தூரி. சார் நல்லதுக்குத்தான் எழுதினாரு.”

அவர் அப்படிச் சொன்னதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. லீவ் கார்டு இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. இரண்டு தடவையும் சூப்பர்வைசர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த லீவ். மன்னிக்க அதில் ஒன்றுமே இல்லை.

புதுப் பதிலை ஐந்தே வரியில் அடித்தேன். முன்பு எடுத்த இரண்டும் அனுமதி பெற்ற லீவ். கார்டு நகல் இணைப்பு. இந்த மூன்று நாளும் ஆஸ்பத்திரியில். டாக்டர் சீட்டு இணைப்பு. ‘மன்னித்தருளினீர்கள்’ என்பது டைப் அடித்தவர் தாமாகச் சேர்த்தது.  அவ்வளவு வெள்ளைத் தாள் மிச்சமிருந்ததைப் பார்க்கவே பயமாக இருந்தது. இன்னும் இரண்டு வரி சேர்க்கலாமா என்று விரல் துடித்தது. தாளை உருவி, கடைசி வரிக்குக் கீழே நானும் கையெழுத்துப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை எனக்கு வேலை ஓடவில்லை. ஒரே விண்ணப்பத்தில் ‘பெறுநர்’ என்று இரண்டு முறை அடித்தேன். செங்கல்பட்டிலிருந்து மறைமலை நகர் வழியாக வந்த ஒவ்வொரு பஸ்ஸையும் எட்டிப் பார்த்தேன். வேலை போயிருந்தால் அந்த மனுஷன் என்னைத் திட்டக்கூட மாட்டார். 

நாலு மணிக்கு ஏழுமலை வந்தார். பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். அப்புறம்தான் பேசினார்.

“வார்னிங்கோட வுட்டாங்க சார். திங்கக்கெழமையிலருந்து ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டு.”

அன்றிலிருந்து மெஷினில் தாளைச் சொருகுவதற்கு முன் இரண்டு கேள்வி கேட்பேன். யார் படிக்கப் போகிறார்கள்? அவர்களுக்கு என்ன தெரிய வேண்டும்? மெமோவுக்குக் கேட்டதற்கு மட்டும் பதில். மனு ஒரு பக்கத்தைத் தாண்டாது. எல்லாவற்றையும் சுருக்குவதுதான் சாமர்த்தியம் என்றுகூட நினைக்க ஆரம்பித்தேன்.

பத்து நாள் கழித்துக் கஸ்தூரி வந்தார். பம்பாயில் இருக்கும் அக்காவுக்கு, அம்மா பிழைத்து எழுந்ததைப் பற்றிக் கடிதம் எழுத வேண்டுமாம். நான் ஒரு இன்லண்ட் லெட்டரை எடுத்து, ஐந்து வரியில் முடித்துக் காட்டினேன்.

“இன்னா சார் இது, மெமோவா?” என்றார். “அவ அங்க தனியா கெடக்கறா. தாளு எடு. மழ பெஞ்சதுலருந்து எழுது.”