உருளைக்கிழங்குத் தோலும் ஒரு பொத்தானும்

எங்கள் வீட்டுக்குக் கீழ்த்தளத்தில் ஹூபெர்ட் கொக்கோட் குடியிருந்தார். அவருக்கு மரியாதை விகுதி போட என் கை கூசுகிறது. வயதுக்காகப் போடுகிறேன்.

வாழ்நாளெல்லாம் நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்தவர். மனைவி போன பிறகு புறாக்கள்தான் துணை. சுரங்கத்தை மூடியதும், ஓய்வு பெற்றவர்களுக்கு வந்துகொண்டிருந்த இலவசக் கரி நின்றுபோனது.

"என் முதுகை ஒடிச்சு நான் வெட்டின கரியை நானே காசு குடுத்து வாங்கணுமா?" என்றார். வாங்கவில்லை. அன்றிலிருந்து கைக்குக் கிடைத்ததையெல்லாம் அடுப்பில் போட்டார். வார்னிஷ் அடித்த கட்டில் பலகை, பிளாஸ்டிக் புட்டி, பிய்ந்த ரப்பர் பூட்ஸ், புறாக்கூண்டில் சுரண்டிய எச்சம் ஒட்டிய வைக்கோல், எல்லாம். கொடியில் காய்ந்த துணியை எடுத்தால் செத்த எலியும் தாரும் சேர்ந்த மாதிரி நாறும். அதைத்தான் அக்கா தன் குழந்தை யூல்காவுக்கு உடுத்தினாள்.

இந்த வருடம் பள்ளிப் படிப்பை முடித்த எனக்கு அக்கா உர்ஷுலாவின் வீட்டைத் தவிரப் போக்கிடம் இல்லை. கொக்கோட்டுடைய அடுப்பின் புகைபோக்கி எங்கள் அறைச் சுவருக்குள்தான் ஏறிப் போகிறது. அந்தச் சுவர் எப்போதும் வெதுவெதுப்பாக இருப்பதால் யூல்காவின் தொட்டிலை அக்கா அதை ஒட்டிப் போட்டிருந்தாள். குளிர்காலம் தொடங்கியதும் சுவரில் ஒட்டியிருந்த அலங்காரக் காகிதத்தின் வழியே பழுப்பு நிறத்தில் ஏதோ கசிந்தது. தொட்டேன். பிசினாக விரலில் ஒட்டியது. எத்தனை சோப்புப் போட்டும் நாற்றம் போகவில்லை.

"தொட்டிலை நகர்த்துக்கா."

"அந்தப் பக்கம் ஜன்னல்டி. பிள்ளை விறைச்சுப் போகும்."

புகைபோக்கி சுத்தம் செய்யும் பெர்னார்டை நானே போய்க் கூப்பிட்டு வந்தேன். கறுப்பு உடையும் தோளில் கம்பிச் சுருளுமாக அவர் வாசலில் வந்து நின்றதும் கொக்கோட்டின் முகம் மலர்ந்தது. எங்கள் ஊரில் கரி துடைப்பவரைக் கண்டால் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொள்வார்கள், அதிர்ஷ்டம் வருமாம். அவரும் பிடித்துக்கொண்டார், ஆனால் கதவைத் திறக்கவில்லை.

"அதிர்ஷ்டம் வந்தாச்சு தம்பி. நீ போகலாம்."

"மாமா, கூரையிலேர்ந்து கம்பியில கட்டின இரும்புக் குண்டை இறக்கிப் பாத்தேன். பாதியில சிக்கி நிக்குது. உள்ளே தார் மொத்தமாப் படிஞ்சிருக்கு. உங்க சமையலறைச் சுவத்துல புகைக்கரி அள்ளுற சின்னக் கதவு இருக்குல்ல, அதைத் திறந்தாதான் சுரண்ட முடியும்."

"அதுமேல புதுசா காகிதம் ஒட்டியிருக்கேன். கிழிக்க விடமாட்டேன். ஞாயித்துக்கிழமை உருளைக்கிழங்குத் தோலைப் போட்டு எரிச்சா, கரியெல்லாம் தானே உதிர்ந்துடும். எங்கம்மா அப்படித்தான் செஞ்சாங்க."

"உங்கம்மா ரப்பர் பூட்ஸை எரிச்சாங்களா?" என்று கேட்டார் பெர்னார்ட்.

"ஏண்டி அகாத்தா," என்று அவர் என் பக்கம் திரும்பினார், "இவனை நீதானே கூட்டிட்டு வந்தே? படிச்ச திமிரு!"

"சுத்தம் பண்ற வரைக்கும் அடுப்பு மூட்டாதீங்க மாமா. தீப்பிடிச்சா மேல பச்சைப் பிள்ளை இருக்கு," என்றார் பெர்னார்ட்.

கொக்கோட் தலையை ஆட்டினார். அந்த ஆட்டலை நம்பிவிட்டோம். பெர்னார்ட் திங்கட்கிழமை ஆளோடு வருவதாகச் சொல்லிப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் உருளைக்கிழங்கு உருண்டைதான் சமையல். கொக்கோட் வீடுவீடாகப் போய்த் தோலை வாளியில் சேகரித்தார். கரி துடைப்பவருக்குப் பாடம் புகட்டப் போகிறாராம்; எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. நாங்கள் அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். சுவருக்குள் ரயில் ஓடுவது போல ஓர் இரைச்சல் எழுந்தது.

அக்காவுக்கு முன்னால் நான் ஓடினேன். தொட்டிலுக்கு மேலே காகிதம் கறுத்துச் சுருண்டுகொண்டிருந்தது. அந்தப் பழுப்புப் பிசின் கொப்புளம் கொப்புளமாகக் கொதித்து யூல்காவின் போர்வை மேல் சொட்டியது. போர்வையை உதறி எறிந்துவிட்டு அவளை அள்ளிக்கொண்டு படியிறங்கினேன். முற்றத்துக்கு வந்து பார்த்தால், புகைபோக்கியின் வாயில் ஆளுயரத் தீ. கீழ்த்தளச் சமையலறையில் கொக்கோட் இன்னும் தோலை அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"உதிருது! உதிருது! சத்தம் கேக்குதா?" என்று கத்தினார்.

அக்கா அவரைப் பனியனைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டாள். தீயணைப்பு வண்டி வந்தது. அடுத்த தெருவிலிருந்து பெர்னார்டும் ஓடி வந்தார். அந்தச் சின்னக் கதவைக் காகிதத்தோடு பிய்த்து, எரிகிற கரியை இரும்பு வாளிகளில் வாரி வெளியே கொட்டினார்கள். தண்ணீர் ஊற்றினால் புகைபோக்கி வெடித்துவிடும் என்று மேலிருந்து ஏதோ பொடியைக் கொட்டி அணைத்தார்கள். எங்கள் அறைச் சுவர் தரையிலிருந்து கூரை வரை பிளந்திருந்தது. வெறும் தொட்டிலில் கங்குகள் கிடந்தன. நல்லவேளை, யூல்காவுக்கு ஒரு கொப்புளம்கூட இல்லை.

கரி பூசிய முகத்தோடு பெர்னார்ட் முற்றத்துக்கு வந்தார். அவரைப் பார்த்ததும் கொக்கோட்டின் கை தானாக மார்புக்குப் போனது. பனியனில் பொத்தான் இல்லை. துழாவிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"அகாத்தா, கண்ணு, உன் கோட்டுப் பொத்தானை ஒரு நிமிஷம் பிடிச்சுக்கறேன். நம்ம எல்லாருக்கும் நல்லதுதானே."

என் இரண்டு கைகளிலும் யூல்கா இருந்தாள். தோளைத் திருப்பி அவர் கையை இடித்துத் தள்ளினேன். அவருடைய விரல்களில் உருளைத்தோல் இன்னும் ஒட்டியிருந்தது.